ஜாவாவுக்கு ஏன் பேச்சில்லை?

மர்ம மனிதன் மார்ட்டினை நம்மில் நிறையப் பேர் படித்திருக்கிறோம். படித்ததை வெளியே சொல்வதில்லை. இலக்கியக் கூட்டத்தில் 'எதைப் படித்து வளர்ந்தீர்கள்' என்று கேட்டால் கார்க்கியின் 'தாய்' என்கிறோம், புதுமைப்பித்தன் என்கிறோம். சேரிப் பிள்ளைகள் பலருக்கும் 'தாய்' கைக்கு வருவதற்கு முன்னால் பழைய பேப்பர் கடையிலிருந்து அட்டை கிழிந்த காமிக்ஸ்தான் வந்தது. 1972இல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் என்று சிவகாசி அனுப்பிவைத்த புத்தகங்களை ஆசாரமான இலக்கியவாதிகள் குப்பை என்று ஒதுக்கினார்கள். நம்மவர்களும் சேர்ந்துகொண்டு ஒதுக்கினார்கள். ஒதுக்கப்பட்டவன் இன்னொன்றை ஒதுக்குவதில் என்ன பெருமை இருக்கிறதென்று எனக்கு விளங்கவில்லை. குப்பை என்றால் கிளறிப் பார்க்க வேண்டும். கிளறிப் பார்த்ததில் கையில் தட்டுப்பட்டதை இங்கே எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். மார்ட்டின் இத்தாலிக்காரர்களின் படைப்பு. 1982 ஏப்ரலில் தொடங்கிய தொடர். எழுதியவர் அல்ஃபிரெடோ காஸ்தெல்லி (2024இல் இறந்துபோனார்), வரைந்தவர் ஜியான்கார்லோ அலெஸ்ஸாந்த்ரினி. நாயகன் நியூயார்க்கில் வசிக்கிற வெள்ளைக்காரப் படிப்பாளி. வீடு முழுக்கப் புத்தகம். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தருகிற உலக வரலாறு பொய், அதற்கு அடியில் இன்னொரு விசித்திர வரலாறு புதைந்து கிடக்கிறது என்பது அவன் கட்சி. ஆதியில் அட்லாண்டிஸ், மூ என்று இரண்டு மகா நாகரிகங்கள் இருந்தன, ஒன்றோடொன்று மோதி அழிந்தன, அவற்றின் மிச்சமீதி உலகமெங்கும் சிதறிக் கிடக்கிறது. அதைத் தேடி அலைகிறான். அவனைத் தடுப்பதற்கென்றே கறுப்பு உடை மனிதர்கள் என்றொரு ரகசியக் கூட்டம். ஏற்கெனவே எழுதிவைத்த வரலாற்றை ஆட்டம் காணச் செய்யும் சான்று எங்கே கிடைத்தாலும் அதை அழிப்பது அவர்கள் வேலை. (வில்லனுக்கு மட்டும் எப்போதும் கறுப்பு. நம்ம ஊரில் கறுப்புச் சட்டை போட்டவர்கள் செய்தது இதற்கு நேர் எதிரான வேலை என்பதை இத்தாலிக்காரர்களுக்கு யார் போய்ச் சொல்வது?)

மறைக்கப்பட்ட வரலாறு உண்டு, அதை மறைக்க ஆள் உண்டு, தோண்டினால் கிடைக்கும். அந்தப் பதின்மூன்று பதினான்கு வயதில் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கு இதைவிடப் பொருத்தமான கதை வேறென்ன? பாடப் புத்தகத்தில் நாங்கள் எந்தப் பக்கத்திலும் இல்லை. அப்படியென்றால் எங்கேயோ புதைத்துவைத்திருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம். அதனால் மார்ட்டினை எங்களுக்குப் பிடித்தது. அதில் ஒரு நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை இப்போதும் நான் விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை.

ஆனால் அந்தக் கதையில் ஜாவா என்று ஒருவன் இருக்கிறான்.

ஜாவா மார்ட்டினின் உதவியாள். நியாண்டர்தால் மனிதன். புருவ எலும்பு புடைத்து, தோள் அகன்று, பார்த்தவுடன் 'காட்டான்' என்று சொல்லும்படி வரைந்திருப்பார்கள். பலசாலி. விசுவாசி. கதவை உடைப்பான், எதிரியைத் தூக்கி வீசுவான், ஆபத்தை மோப்பம் பிடிப்பான். பேசமாட்டான். உறுமுவான், கையால் ஜாடை காட்டுவான். அவன் உறுமுவதன் பொருளை மார்ட்டின்தான் நமக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். உலகத்தின் ஆதி வரலாற்றைத் தேடுகிற ஒரு கதையில், அந்த ஆதியிலிருந்தே நேராக வந்த ஒரு மனிதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான். அவனைக் கேட்டால் முடிந்தது. வரலாற்றைச் சொல்ல வேண்டியவனுக்கு வாய் இல்லை, அவனைப் பற்றிப் பேசுகிறவனுக்கு வாய் மட்டும்தான் இருக்கிறது. 'தலித்துகளுக்காகப் பேசுகிறோம்' என்று மேடை ஏறுகிற முற்போக்குப் பெரியவர்களை இந்த இடத்தில் யாருக்காவது ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலனியிலிருந்து வந்த ஒருத்தனுக்கு 'ஜாவா' என்று பேர் வைத்தார்கள். நல்ல கறுப்பு, நல்ல உயரம், வகுப்பில் வாய் திறக்கமாட்டான். திறந்தால் அடி விழும் என்பதால் திறக்கமாட்டான். காமிக்ஸ் படிக்காத வாத்தியாரும் அந்தப் பேரையே கூப்பிட ஆரம்பித்தார். எல்லாரும் சிரித்தோம்னு எழுத முடியவில்லை. சிரித்தவர்கள் யார், சிரிக்காதவர்கள் யார் என்று பெஞ்சு வாரியாக எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஒரு வெள்ளைக்காரனின் கற்பனை சிவகாசி வழியாக வந்து, சாதி ஏற்கெனவே வெட்டிவைத்திருந்த குழியில் அப்படியே பொருந்தி உட்கார்ந்துகொண்டது.

அறிவியல் என்ன சொல்கிறது பாருங்கள். மார்ட்டின் தொடர் வந்த அடுத்த வருஷமே, 1983இல், இஸ்ரேலிலுள்ள கெபாரா குகையில் ஒரு நியாண்டர்தால் எலும்புக்கூடு கிடைத்தது. அதில் நாக்குக்கு அடியில் இருக்கிற சின்ன நாவடி எலும்பு உடையாமல் இருந்தது. கிட்டத்தட்ட நம்முடையதைப் போலவே இருந்தது. அவனுக்கும் பேச்சு இருந்திருக்கலாம் என்று சொல்லும் ஆய்வாளர்களுக்கு அது முதல் சாட்சி ஆயிற்று. 2010இல் நியாண்டர்தால் மரபணுவைப் படித்து வெளியிட்டார்கள். அந்த வேலைக்காக ஸ்வாந்தே பாபோவுக்கு 2022இல் நோபல் பரிசு. ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழும் மக்கள் எல்லாரிடமும் ஒன்றிரண்டு சதவீதம் நியாண்டர்தால் கலப்பு இருக்கிறது என்பது அதில் தெரிந்தது. ஆக மார்ட்டினுக்குள்ளும் ஜாவா இருக்கிறான். எங்கள் ஊர் நாட்டாண்மைக்குள்ளும் இருக்கிறான், ஆகமம் படித்த குருக்களுக்குள்ளும் இருக்கிறான். இனி உறுமுகிறவன் யார், பேசுகிறவன் யார்?

அந்தப் பேரையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஜாவா ஒரு தீவு. 1891இல் அங்கே திரினில் என்ற இடத்தில், சோலோ ஆற்றங்கரையில், யூஜின் துபுவா என்ற டச்சுக்காரர் ஆதிமனிதனின் மண்டையோட்டைக் கண்டுபிடித்தார் என்று புத்தகங்கள் சொல்கின்றன. 'ஜாவா மனிதன்' என்று உலகப் புகழ். மண்ணைத் தோண்டியது துபுவா அல்ல. காலனி அரசு அவருக்கு வேலை செய்யக் கொடுத்தது சிறைக்கைதிகளை. வெயிலில் ஆற்றுக்கரையை வெட்டி எலும்பை எடுத்தவர்கள் அவர்கள். கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் துபுவாவின் பேர் மட்டும் நிற்கிறது. தோண்டுகிறவன் ஜாவா, கண்டுபிடிக்கிறவன் மார்ட்டின். இந்த வேலைப் பிரிவினை காமிக்ஸ் வருவதற்குத் தொண்ணூறு வருஷம் முந்தியே நடைமுறையில் இருந்தது.

மூ என்ற அந்த மூழ்கிய கண்டத்துக்கு வருவோம். அது காஸ்தெல்லியின் கற்பனை இல்லை. அவர் கடன் வாங்கியது. 1926இல் ஜேம்ஸ் சர்ச்வார்ட் என்ற ஆங்கிலேயர் மூ கண்டத்தைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். மனித குலத்தின் தாய்நாடு அதுதான் என்றார். எப்படித் தெரியும்? இந்தியாவில் பஞ்ச நிவாரண வேலையில் இருந்தபோது ஒரு கோயில் பூசாரி தன்னை நம்பி ரகசியமாக வைத்திருந்த களிமண் பலகைகளைக் காட்டினார், படிக்கவும் சொல்லிக்கொடுத்தார் என்றார். அந்தப் பலகைகளை வேறு யாரும் பார்த்ததில்லை.

இந்தக் கதையை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள் தோழர்களே. பஞ்சம். பஞ்சத்தில் செத்தவர்கள் யார் என்று நமக்குத் தெரியும். வெளியே பிணம் விழுகிறது. கோயிலுக்கு உள்ளே ஒரு பூசாரியும் ஒரு வெள்ளைக்காரரும் உலகத்தின் ரகசிய வரலாற்றைப் பரிமாறிக்கொள்கிறார்கள். கதை பொய்யாகவே இருக்கட்டும். பொய் சொல்கிறவருக்குக் கூட ஞானம் எங்கே பூட்டிக் கிடக்கும், சாவி யார் இடுப்பில் இருக்கும் என்று சந்தேகமே வரவில்லை. அந்தப் புத்தகம் வந்த வருஷம் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் நம்மால் நுழைய முடியாது. அதற்கு 1939 ஜூலை 8 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மர்மம் என்பது பெரும்பாலும் இதுதான்: ஒரு கதவு, அதற்கு வெளியே நிறுத்தப்பட்ட ஜனங்கள்.

மூ எங்கேயோ பசிபிக் கடலில் இருந்துவிட்டுப் போகட்டும். எங்க பக்கத்துக்கு அதில் ஒரு நேரடிச் சம்பந்தம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

பெரம்பலூர், அரியலூர் மண் ஒருகாலத்தில் கடலடி. பத்துக் கோடி வருஷத்துக்கு முன்னால் கடல் இங்கே உள்ளே வந்தது, போனது, மறுபடி வந்தது. காரை, குளக்கநத்தம் பக்கம் போனால் செம்மண்ணும் சாம்பல் மண்ணுமாக அரித்துக் கிடக்கிற ஓடைகளில் சுருண்ட நத்தை மாதிரிக் கல் கிடைக்கும். அம்மோனைட். சாத்தனூரில் கல்லாகிப்போன மரம் ஒன்று 18 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கிறது. சுற்றி வேலி போட்டு, 12 கோடி வருஷம் என்று பலகை வைத்திருக்கிறார்கள். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லை உடைத்தால் உள்ளே சிப்பி சிப்பியாக இருக்கும். அந்தச் சிப்பிதான் சிமெண்ட். 1979இல் அரியலூரில் அரசு சிமெண்ட் ஆலை வந்தது, பிறகு தனியார் கம்பெனிகள் வரிசையாக வந்தன. எங்க ஜனங்க மைன்ஸில் வெட்டுவதும் லாரியில் ஏற்றுவதும் அந்தப் பழங்கடலின் உயிர்களைத்தான்.

இந்த நத்தைக் கல்லைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நேபாளத்தில் கண்டகி ஆற்றில் கிடைத்தால் இதே அம்மோனைட்டுக்குப் பேர் சாளக்கிராமம். அது விஷ்ணு. அக்கிரகாரத்தில் வெள்ளிப் பெட்டியில் இருக்கும், தினமும் திருமஞ்சனம் நடக்கும், சூத்திரனும் பெண்ணும் தொடக் கூடாது என்பது ஆசாரம். எங்க அத்தை மைன்ஸில் சம்மட்டியால் ஒரு நாளைக்கு எத்தனை விஷ்ணுவை உடைத்திருப்பாளோ கணக்கில்லை. தீட்டு எதுவும் பற்றவில்லை, தூசிதான் நெஞ்சில் பற்றியது.

1850களின் கடைசியில் இந்தியப் புவியியல் துறையைச் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்டு என்ற வெள்ளைக்காரர் இந்தப் பாறைகளை அளக்க வந்தார். ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்று மூன்று அடுக்காகப் பிரித்துப் பேர் வைத்தார். அந்தப் பேர்கள் இன்றைக்கும் உலகப் புவியியலில் இருக்கின்றன. அதே பிளான்ஃபோர்டு 1875இல் இன்னொன்று சொன்னார்: இந்தியாவையும் தென்னாப்பிரிக்காவையும் இணைத்து இந்தியப் பெருங்கடலில் ஒரு கண்டம் இருந்திருக்க வேண்டும், பிறகு அது மூழ்கியிருக்க வேண்டும். இரண்டு பக்கமும் கிடைத்த புதைபடிவங்கள் ஒத்துப்போனதுதான் காரணம். எங்க மாவட்டத்துக் கிளிஞ்சலும் அந்தச் சாட்சிகளில் உண்டு. அதற்குப் பதினோரு வருஷம் முந்தி, 1864இல், ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் லெமூர் என்ற குரங்கினத்தின் பேரால் அப்படியொரு நிலத்துக்கு லெமூரியா என்று பேர் வைத்திருந்தார். ஹெக்கல் அதை மனித குலத்தின் தொட்டில் ஆக்கினார். 1888இல் பிளாவட்ஸ்கி அம்மையார் அங்கே ராட்சத மனிதர்களைக் குடியேற்றினார். அவருடைய தியோசாபிகல் சொசைட்டிக்குத் தலைமையகம் அடையாறு. அங்கிருந்து தமிழ்ப் புலவர்கள் கைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? லெமூரியா குமரிக்கண்டம் ஆயிற்று. குரங்கின் பேரால் பிறந்த நிலத்தில் முதற்சங்கம் உட்கார்ந்தது.

கண்டங்கள் நகர்கின்றன என்று வெகெனர் 1912இல் சொல்லி, 1960களில் அது உறுதியாகிவிட்டது. மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது. ஏறத்தாழ ஒன்பது கோடி வருஷத்துக்கு முன்னால் மடகாஸ்கரை விட்டு இந்தியா கழன்று வந்தது. அப்போது மனிதனே இல்லை, அப்புறம் தமிழன் ஏது? இருந்தும் 1981இல் மதுரையில் நடந்த உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி அரசாங்கமே குமரிக்கண்டத்துக்குப் படம் எடுத்துக் காட்டியது. இன்றைக்கும் பேச்சாளர்கள் அதைக் கைவிடவில்லை. நம் இளைஞர்களிலும் சிலர் பரவசமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கேட்கிறேன்: அந்தக் கண்டத்தில் நமக்கு எங்கே குடியிருப்பு? ஏழ்தெங்க நாடு, ஏழ்குறும்பனை நாடு என்று நாற்பத்தொன்பது நாடுகளுக்குப் பட்டியல் சொல்கிறீர்களே, அதில் சேரி எந்தப் பக்கம்? கீழ்க்காற்றுப் பக்கமா, சுடுகாட்டுப் பக்கமா? கடலுக்கு அடியில் போன நாட்டில்கூட எல்லாரும் பாண்டியனாக இருக்கிறார்கள், பறையடிக்க ஆளில்லை.

மறைந்த கண்டத்தைத் தேடுகிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது. கண்ணெதிரே இருக்கிற கண்டத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு வெகுதூரம் போக வேண்டாம், ஜெயங்கொண்டம் தாண்டினால் கங்கைகொண்ட சோழபுரம். 2025 ஜூலையில் ஆடித் திருவாதிரைக்குப் பிரதமரே வந்தார், ராஜேந்திர சோழன் பேரில் நாணயம் வெளியிட்டார்கள். கடல் கடந்து போன கப்பற்படை பற்றி எல்லாக் கட்சிக்காரர்களும் பேசினார்கள். சோழர் காலத்தின் மறைக்கப்பட்ட பெருமை என்கிறார்கள். யார் மறைத்தது? நான் ஒன்று காட்டுகிறேன். ராஜேந்திரனின் அப்பன் ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயில் சுவரில் வெட்டிவைத்த கல்வெட்டுகள். கோயிலுக்குக் கொடுத்த ஊர்களின் நிலக்கணக்கில் வரி இல்லாத இடம் எது எது என்று வரும் பட்டியல்: ஊர்நத்தம், குளம், கம்மாணசேரி, ஈழச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு, பறைச் சுடுகாடு. சில ஊர்க் கணக்கில் தீண்டாச்சேரி என்ற சொல்லே வருகிறது. ஆயிரம் வருஷமாகக் கருங்கல்லில், கோயில் சுவரில், வெயிலில் இருக்கிறது. 1890களிலேயே அரசாங்கக் கல்வெட்டுத் தொகுதியில் அச்சாகிவிட்டது. எந்தக் கறுப்பு உடை மனிதனும் வந்து அதை அழிக்கவில்லை. அழிக்க வேண்டிய அவசியமே இல்லை. படித்தவர்கள் படித்துவிட்டுக் கோபுரத்தின் உயரத்தைப் பற்றி எழுதினார்கள்.

மார்ட்டின் கதையின் அடிப்படைப் பொய் இதுதான் என்பது என் வாதம். வரலாறு ரகசியமாக இருப்பதால் தெரியாமல் போகவில்லை. பகிரங்கமாகத்தான் கிடக்கிறது. ரகசியம் என்று சொல்லிச் சொல்லி, அதைத் தேடிப் பிடிக்க ஒரு மேதை வேண்டும், துப்பாக்கி வேண்டும், மூ நாட்டு ஆயுதம் வேண்டும் என்று நம்பவைத்தால், தினமும் அந்தச் சுவரைக் கடந்து போகிறவனுக்கு அதைப் படிக்கும் அருகதை இல்லை என்றாகிவிடும்.

அமெரிக்காவில் வாரன் எல்லிஸும் ஜான் கஸ்ஸடேயும் 1999 முதல் 2009 வரை 'பிளானட்டரி' என்று ஒரு காமிக்ஸ் கொண்டுவந்தார்கள். அதுவும் உலகின் விசித்திர வரலாற்றைத் தோண்டுகிற ஆய்வாளர் குழுவைப் பற்றியதுதான். அங்கே வில்லன்கள் நான்கு பேர்; உலகத்துக்குப் பயன்படக்கூடிய கண்டுபிடிப்புகளை எல்லாம் தாங்களே பதுக்கிவைத்துக்கொண்டவர்கள். மார்ட்டினைவிட இதில் அரசியல் தெளிவு அதிகம் என்பேன். மறைத்தல் வேறு, பதுக்கல் வேறு. நம் ஊரில் நடந்தது பதுக்கல். நிலத்தைப் பதுக்கினவன்தான் எழுத்தையும் பதுக்கினான்.

அப்படியானால் நமக்குத் துப்பறிகிறவர்கள் இல்லையா? இருந்திருக்கிறார்கள், மார்ட்டினுக்கு வெகுகாலம் முன்பே. 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்திய அயோத்திதாசப் பண்டிதர் என்ன செய்தார்? பண்டிகைகளை, பழமொழிகளை, சாதிப் பேர்களை ஒவ்வொன்றாக எடுத்து உதறிப் பார்த்தார். பறையன் என்பவன் பூர்வ பௌத்தன் என்று வழக்கு வைத்தார். அவர் சொன்ன சொல்லாராய்ச்சி எல்லாம் நிற்கும் என்று நான் சொல்லமாட்டேன். சில இடங்களில் இழுத்துக் கட்டுகிறார். ஆனால் தடயம் நம்ம வீட்டுப் பேச்சிலேயே, நம்ம சாமி கும்பிடுகிற முறையிலேயே இருக்கிறது என்று காட்டிய முதல் ஆள் அவர். 1948இல் அம்பேத்கர் தீண்டப்படாதோர் யார் என்று எழுதியபோது, கிடைத்த எலும்பையும் பல்லையும் வைத்து அழிந்துபோன விலங்கின் உருவத்தைக் கட்டி எழுப்புகிற ஆய்வாளனின் வேலைக்குத் தன் வேலையை ஒப்பிட்டார். அரியலூர்க்காரனுக்கு அந்த உவமையை விளக்க வேண்டியதில்லை.

எங்க பக்கத்தில் வயல்வெளியிலும் ஏரிக்கரையிலும் புத்தர் சிலைகள் கிடைத்திருக்கின்றன. பக்கத்து ஆத்தூர் வட்டாரத்துத் தியாகனூர்ப் புத்தரை எல்லாரும் அறிவார்கள். சேலம் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று கும்பிட்டுவந்த சாமி புத்தர்தான் என்று 2011இல் வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் சொல்லித் தொல்லியல் துறை போய், சிலைமேல் அப்பியிருந்த மஞ்சளையும் சந்தனத்தையும் சுத்தம் பண்ணிப் பார்த்தது. தாமரைப் பீடம், தியானக் கை, நெற்றித் திலகம், சுருள்முடி. 2022 ஜூலையில் உயர் நீதிமன்றம் அது புத்தர் என்று தீர்ப்பளித்தது. இதைவிட விறுவிறுப்பான மர்மக் கதையை எந்த இத்தாலிக்காரனால் எழுத முடியும்? சாமியின் பேரிலேயே கொலைத் தடயம் இருந்திருக்கிறது, தலைவெட்டி என்று. ஊரே தினமும் அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது.

இங்கே நம்மவர்களோடும் எனக்கு ஒரு சண்டை இருக்கிறது. மறைக்கப்பட்ட வரலாறு என்றவுடனே 'நாங்களும் ஆண்ட பரம்பரை' என்று கிளம்பிவிடுகிறார்கள். ஒவ்வொரு சாதிக்கும் ஒரு மூவேந்தன் கிடைத்திருக்கிறான், நமக்கும் ஒருத்தனைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். ஜாவாவைத் தோண்டிப் பார்த்து அவனும் அட்லாண்டிஸ் இளவரசன்தான் என்று நிரூபித்தால் நமக்கு என்ன லாபம்? அவன் உறுமல் நிற்காது, சட்டை மட்டும் மாறும். வேளாண்மை செய்தவன், ஏரி வெட்டினவன், மாட்டுத்தோலைப் பதப்படுத்தினவன், பிள்ளைப்பேறு பார்த்தவள் வரலாறு ஆண்டவன் வரலாற்றைவிட எதில் மட்டம்? அரண்மனை கிடைக்காததற்காக வெட்கப்படுகிறவன், அரண்மனைதான் வரலாறு என்று எதிராளி சொன்னதை ஒப்புக்கொண்டவன்.

தோண்டினவனுக்கு இங்கே என்ன நடக்கிறது என்பதையும் பார்த்துவிடுவோம். 1987இல் அரியலூர்ப் பக்கம் கல்லமேட்டில் கிடைத்த ராட்சத எலும்புகளை யாதகிரி, அய்யாசாமி என்ற இரு ஆய்வாளர்கள் வெளியுலகுக்கு அறிவித்தார்கள். உலகத்தில் நடமாடிய மிகப் பெரிய தரைவிலங்குகளில் ஒன்றாக இருக்கலாம் என்கிறார்கள். வைத்த பேர் ப்ருஹத்காயோசாரஸ். ப்ருஹத்காயம் என்றால் பெருத்த உடம்பு. கல்லமேட்டில் செத்த பிராணிக்கும் சமஸ்கிருதத்தில்தான் நாமகரணம். அந்த எலும்புகள் இப்போது இல்லை, பாதுகாக்க முடியாமல் நொறுங்கிப்போய்விட்டன. 2009இல் செந்துறைப் பக்கம் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகப் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். 2020இல் குன்னம் பக்கம் மண்ணெடுத்த இடத்தில் உருண்டை உருண்டையாகக் கல் வந்தவுடன் டைனோசர் முட்டை என்று ஊரெல்லாம் வதந்தி ஓடியது. கடல்படிவம் கெட்டிப்பட்டு உருண்டையானதுதான் அது என்று ஆய்வாளர்கள் வந்து சொன்னார்கள். வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது, படம் எடுத்தார்கள், போனார்கள். மண்ணெடுத்த கைகளிடம் யாராவது போய், 'இதுக்கு முன்னாடி என்னென்ன பார்த்திருக்கீங்க, எந்த ஆழத்துல, எந்த மண்ணுக்கடியில' என்று கேட்டார்களா? நாலு தலைமுறையாகக் கிணறு வெட்டுகிறவனுக்கு இந்த மண்ணின் அடுக்கு பிளான்ஃபோர்டுக்குத் தெரிந்ததைவிட நன்றாகத் தெரியும். 'பத்தடிக்கு மேல செம்மண்ணு, அதுக்குக் கீழ சுக்கான், அப்புறம் கிளிஞ்சல் கல்லு, அதைத் தாண்டினா உப்புத்தண்ணிதான்' என்று எங்க பெரியப்பா சொல்வார். கடல் இருந்த தடயத்தை நாக்கில் வைத்துப் பார்த்தே கண்டவர். அவரை யாரும் புவியியலாளர் என்று அழைத்ததில்லை.

பெரியப்பாவின் பேத்தி புவியியலோ மருத்துவமோ படித்து வரட்டும் என்பார்கள். சரி. இதே அரியலூர் மாவட்டத்துக் குழுமூரில் அனிதா 1200க்கு 1176 மதிப்பெண் எடுத்தார். உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய் நீட்டுக்கு எதிராக வழக்காடினார். 2017 செப்டம்பர் 1ஆம் தேதி அவர் சாவுச் செய்தி வந்தது. தோண்டுகிறவன் வீட்டிலிருந்து ஒரு பெண் கண்டுபிடிக்கிற இடத்துக்கு நகரும்போது வாசலில் புதிதாக ஒரு பூட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குப் பேர் தகுதி.

இதையெல்லாம் சொல்லி, காமிக்ஸைக் கொளுத்துங்கள் என்கிறேனா? இல்லை. வரையுங்கள் என்கிறேன். 1967இல் தொடங்கிய அமர் சித்ரக் கதா புராணத்தையும் ராஜாக்களையும் வரைந்து ஒரு தலைமுறைக்கே வரலாறு என்று ஊட்டியது. அம்பேத்கரையும் 1979இல் அதே ராஜா பாணியில் ஒரு புத்தகம் ஆக்கியது. 2011இல் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் 'பீமாயணம்' வரைந்தபோதுதான் கட்டம் கட்டுகிற முறையே மாறியது. சதுரப் பெட்டிகளை அவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். மனிதர்களைப் பெட்டிக்குள் அடைத்து வரையமாட்டோம் என்றார்கள். வன்மமான பேச்சுக்குத் தேள்கொடுக்கு மாதிரி வால் வைத்த பேச்சுக்குமிழி, அன்பான பேச்சுக்குப் பறவை வடிவக் குமிழி. ஜாவா பேச ஆரம்பித்தால் அவனுக்கு எந்த வடிவத்தில் குமிழி என்பதை நம் பிள்ளைகள் முடிவு பண்ணட்டும்.

முதல் இதழுக்குக் கதை வேண்டுமென்றால் என்னிடம் ஒன்று இருக்கிறது. செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் எழுதிய அறிக்கையை வைத்து 1892 செப்டம்பர் 30இல் ஆங்கில அரசு போட்ட ஆணை; நமக்கென்று ஒதுக்கிய பஞ்சமி நிலம், 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுவது. வேறு சாதிக்கு விற்கக் கூடாது என்று நிபந்தனை. இப்போது அது எங்கே? மூ கண்டமும் அட்லாண்டிஸும் கடலுக்குள் போயின, இந்த 12 லட்சம் ஏக்கர் எந்தக் கடலுக்குள் போனது? 1994 அக்டோபர் 10இல் காரணையில் அதைக் கேட்டதற்கு ஜான் தாமஸும் ஏழுமலையும் போலீஸ் துப்பாக்கிக்குப் பலியானார்கள். சாட்சி ஒவ்வொரு தாலுகா ஆபீஸிலும் இருக்கிறது, அ-பதிவேட்டில், சர்வே நம்பரோடு.

துப்பறிகிறவள் நம்ம ஊர்ப் பெண். நாற்பது வயசு, மைன்ஸ் வேலைக்குப் போய் நின்றவள், எழுதப் படிக்க அறிவொளியில் கற்றவள். முதல் பக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்குகிறாள், கையில் மஞ்சள் பை. இரண்டாம் பக்கம் தாலுகா ஆபீஸ். கிளார்க் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, 'அந்த ரெஜிஸ்டரு கரையான் அரிச்சுப்போச்சும்மா, அடுத்த வாரம் வா' என்கிறார். அவள் போகவில்லை. வராந்தாவில் பெஞ்சு இருக்கிறது, அதில் உட்கார்ந்து பையைப் பிரித்துச் சோற்றை எடுக்கிறாள். 'கரையான் அரிச்சதையே காட்டுங்க சார், நான் படிச்சுக்கிறேன்.'

மூன்றாம் பக்கத்திலிருந்து வரையத் தெரிந்தவர்கள் எழுதி அனுப்புங்கள்.